முகவரி இழந்த கணினி

"வீட்டுக்காரனுக்குக் கதவு திறக்குது, மேடம். அதே வீட்டுக்குள்ள இருக்கிற விருந்தாளிக்கு ஏன் திறக்க மாட்டேங்குது?"

கேட்ட ஞானமுத்துவுக்கு வயது ஐம்பத்து மூன்று. அவர் தொழில் கற்க வந்து சேர்ந்தது மெஹருன்னிசாவிடம்; அவளுக்கு முப்பத்தொன்று. மலைமேல் இருந்த அந்தச் சின்ன ஸ்கேன் மையத்தின் கணினிகள் எல்லாம் அவள் பொறுப்பு.

ஸ்கேன் படங்களைத் திறக்கும் மென்பொருள் பழசு. புதுக் கணினியில் ஓடாது. அதனால் புதுக் கணினிக்குள்ளேயே, மென்பொருளால் ஆன இன்னொரு கணினியை ஞானமுத்து அமைத்திருந்தார். அந்த மெய்நிகர் கணினிதான் விருந்தாளி; அதைத் தாங்கும் வெளிக் கணினி வீட்டுக்காரன்.

நகரத்து மருத்துவமனைக்குப் படம் அனுப்ப ஒரே வழி, விபிஎன் என்கிற காவல் போட்ட பாதை. மையத்துக்கு ஒரே இணைப்பு. அதுவும் மெஹருன்னிசா பெயரில். வெளிக் கணினி அதில் போய் வந்தது. உள்ளே இருந்ததற்கு வழி கிடைக்கவில்லை.

அடுத்த அறையில் ஒரு லாரி ஓட்டுநர் தலையில் அடிபட்டு நினைவில்லாமல் கிடந்தார். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருக்கிறதா, உடனே மலையிறக்க வேண்டுமா என்பதை நகரத்து மருத்துவர் படம் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஓட்டுநரின் மனைவி வாசலில் உட்கார்ந்திருந்தாள்.

மெஹருன்னிசா விசைப்பலகையைத் தொடவில்லை. உள்ளே இருப்பதற்கு என்ன கொடுத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

தனி முகவரி கொடுத்திருப்பதாகச் சொன்னார். யார் தயவும் இல்லாமல் அது, மையத்துக்கு இணையம் தரும் ரவுட்டரிடம் நேராகப் பேசும் என்றார். சொல்லும்போது குரலில் கொஞ்சம் பெருமை ஏறியது. பழைய அலுவலகத்தில் அவர் செய்த வேலையெல்லாம் வேறொருவர் கையெழுத்தில்தான் வெளியே போயிற்று.

"அந்த ஆஸ்பத்திரிக்கு யாரைத் தெரியும், சார்?"

"வெளிக் கணினியை."

"உள்ள இருக்கிறது யார் பேரைச் சொல்லிக்கிட்டுப் போகுது?"

"அதோட பேரை."

அவள் எழுந்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓட்டுநரின் மனைவியிடம் போய்விட்டாள்.

இந்த நேரத்தில் விட்டுவிட்டுப் போகிறாளே என்று அவருக்குக் கோபம் வந்தது. திரையைப் பார்த்தார்.

அமைப்பில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, அவர் தேர்ந்தெடுத்த தனி முகவரி. மற்றதில் உள்ளே இருக்கும் கணினிக்கு வெளியுலகில் முகவரியே கிடையாது. அது அனுப்புவதெல்லாம் வெளிக் கணினியின் பெயரில், வெளிக் கணினி போகும் பாதையிலேயே போகும்.

அப்படி ஒரு வழி இருப்பது அவருக்கு முன்பே தெரியும். தெரிந்தேதான் தள்ளியிருந்தார்.

யாருக்காகத் தள்ளினேன்?

அமைப்பை மாற்றினார்.

படம் போயிற்று.

சற்று நேரத்தில் நகரத்து மருத்துவர் போனில் கூப்பிட்டார். ரத்தம் கட்டியிருக்கிறது, தாமதிக்காமல் இறக்குங்கள், அறுவை அரங்கைத் தயாராக வைக்கிறேன் என்றார். ஞானமுத்து அதை உரக்கத் திருப்பிச் சொன்னார். ஸ்ட்ரெச்சர் உருண்டது. மனைவி அதன் கம்பியைப் பிடித்துக்கொண்டே ஓடினாள்.

மருத்துவர் இன்னும் போனை வைக்கவில்லை.

"நல்ல நேரத்துக்கு வந்துச்சு. அனுப்பினது யாருங்க? இங்க மெஹருன்னிசான்னு இருக்கு."

மெஹருன்னிசா வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவங்கதான்," என்றார் ஞானமுத்து.