கொடி கட்டாத பெருச்சாளி

குளத்தங்கரை மேட்டில் ஒரு நரி, விற்பதற்காக ஒரு வளை வெட்டச் சொன்னது. நாலு அறை, இரண்டு வாசல். தோண்டியது மண்டையன் என்ற பெருச்சாளி. சுவர் பூசக் களிமண் கொண்டுவந்து கொட்டியது ஒரு நண்டு. பெருச்சாளிக்குப் பத்துக் குவியல் நெல், நண்டுக்கு இரண்டு குவியல் என்று பேச்சு.

அந்த நெல்லை நம்பி பெருச்சாளி அறுவடைக்கே போகவில்லை. அதன் பெண்டாட்டி நிறைமாதம். மழைக்காலம் நெருங்குகிறது. வீட்டிலோ ஒரு மணி நெல் கிடையாது!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. வளைக்கு உழைத்தவருக்கோ மண் கொடுத்தவருக்கோ கூலி வராவிட்டால், அதன் வாசலில் பிரண்டைக் கொடி கட்டலாம். கட்டிவிட்டால் கூலி தீரும்வரை யாரும் அதில் குடியேற முடியாது, விற்கவும் முடியாது. ஆனால் வேலை முடிந்தபின் வரும் முதல் பௌர்ணமிக்குள் கட்டிவிட வேண்டும். அப்புறம் கட்டினால் செல்லாது. இது பெருச்சாளிக்கு நன்றாகத் தெரியும். அதுதான் எனக்கு எரிச்சல்!

அமாவாசைக்கு மறுநாள் வேலை முடிந்தது. நரி "நாளைக்கு வா" என்றது. மறுநாளும் அதையே சொன்னது. மூன்றாம் நாள் நண்டு கொடி கட்டிவிட்டது.

"அண்ணே, நீயும் ஒண்ணு கட்டு!" என்றது நண்டு.

"சேச்சே! பழகின இடம். நாளைக்கு அவர் மூஞ்சியில எப்படி முழிக்கிறது?" என்றது பெருச்சாளி.

நரிக்கு இது போதாதா? "மண்டையண்ணே! வாசல்ல மண் உதிருது. உங்க கைபட்டாத்தான் நிக்கும்!" என்று கூப்பிட்டது. பெருச்சாளி ஓடிப்போய்ப் பூசியது. நாலு நாள் கழித்து ஒரு விரிசல். அதற்கும் ஓடியது.

"ஏங்க, பௌர்ணமிக்கு ரெண்டே நாள் இருக்கு! போய்க் கொடி கட்டுங்க!" என்று பெண்டாட்டி கத்தியது.

"அட போடி! நேத்துக்கூட ரெண்டு கை மண் பூசினேன். வேலையே இன்னும் முடியலை. முடிஞ்சாத்தானே நாள் ஓடும்!"

கேட்டீர்களா அந்தப் புத்தியை!

வளையை வாங்க ஒரு காட்டுப்பூனை வந்தது. "வாசல்ல கொடி இருக்கே! எனக்கு வேண்டாம்" என்றது. நரி பல்லைக் கடித்துக்கொண்டு நண்டுக்கு இரண்டு குவியலையும் அளந்தது. நண்டு கொடியை அவிழ்த்துக்கொண்டு போனது. பௌர்ணமியன்றும் நம் மண்டையன் ஒரு ஓட்டையை அடைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தது.

மறுநாள் காலையில் காட்டுப்பூனை வளையை வாங்கிக் குடியேறியது. சேதி கேட்ட பெருச்சாளி கொடியோடு ஓடிவந்து வாசலில் கட்டியது. வழக்குத் தீர்க்கும் ஆமையைக் கூப்பிட்டார்கள்.

"நாலு அறையும் ரெண்டு வாசலும் என்னைக்குத் தயாராச்சு?" என்று கேட்டது ஆமை.

"அமாவாசைக்கு மறுநாள். ஆனா நேத்து வரைக்கும் வேலை செஞ்சேனே!"

"அது ஒட்டு வேலை. ஒட்டுப் போட்டா நாள் புதுசாகுமா? வளை அன்னைக்கே முடிஞ்சுபோச்சு. கொடியை அவிழ்!"

"அப்ப என் பத்துக் குவியல்?"

"கடன் கடன்தான். நரிகிட்ட கேட்டு வாங்கிக்க. வளை மேல உனக்குப் பிடி கிடையாது."

"தாராளமா கேளுங்கண்ணே! நான் எப்ப இல்லைன்னேன்? நாளைக்கு வாங்க!" என்று நரி சிரித்தது.

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. ஆறு குட்டிகள் பிறந்தன. பெற்ற உடம்போடு பெண்டாட்டி தண்ணீர் நின்ற வயலில் நெல்மணி தேடிப் போனது. பெருச்சாளி நரியிருந்த புதருக்கு முன்னால் நனைந்துகொண்டு, "ஐயா, ஒரு குவியலாவது கொடுங்க!" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. நரி வெளியே வரவே இல்லை.

முகதாட்சண்யம் பார்த்துக் கெடுவைத் தவறவிட்டவன், பிறகு தன் கூலியையே பிச்சையாகக் கேட்க வேண்டிவரும்.