பிசின் பானையைப் பார்க்காத அணில்

ஆற்றின் தென்கரைக் காட்டில் ஒரு முள்ளம்பன்றி இருந்தது. அதற்குப் பிசினில் நூல் எடுக்கத் தெரியும். பெரிய பானையில் பிசினைக் காய்ச்சும். பதம் வந்ததும் தன் முட்களை அதில் தோய்த்து மெல்ல இழுக்கும். முள்ளுக்கு ஓர் இழை வரும். எந்த மழைக்கும் அறாத அந்த நூலைக் குருவிகள் கொட்டை கொடுத்து வாங்கிக் கூடு கட்டின.

இன்னும் மூன்று பானை வைக்க முள்ளம்பன்றி நினைத்தது. கூலிக்குக் கையில் கொட்டை இல்லை. அதனால் காட்டு விலங்குகளிடம் கொட்டை வாங்கிக்கொண்டு, ஆளுக்கு ஒன்றாகத் தன் பல் பதித்த ஆலிலையைக் கொடுத்தது.

"இந்த இலையை வெச்சிருக்கிறவங்களுக்கு என் நூல் லாபத்துல பங்கு உண்டு!" என்றது.

இலைகள் கைமாறத் தொடங்கின. தினமும் காலையில் நாவல் மரத்தடியில் கூட்டம் கூடும். இன்று ஓர் இலைக்கு எத்தனை கொட்டை என்று மைனா கிளையில் நின்று கத்தும். விலை ஏறினால் கூட்டம் குதிக்கும், இறங்கினால் முகம் வாடும். ஆனால் நூல் எப்படி உண்டாகிறது என்று பார்க்க ஒருவரும் பானைப் பக்கம் போகவில்லை. எதற்குப் போக வேண்டும்? விலைதான் இங்கேயே தெரிகிறதே!

அந்தக் கூட்டத்தில் தும்பை என்ற அணிலும் இருந்தது. அதன் கணவனைப் பருந்து தூக்கிப் போய் ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. பொந்தில் மூன்று குட்டிகள். கணவனும் மனைவியுமாகச் சேர்த்து வைத்த நூறு கொட்டைகளும் அங்கே இருந்தன. அடைமழைக் காலம் முழுக்க அந்த நால்வருக்கும் அவைதான் உயிர்.

அப்போது வடகரையிலிருந்து மலிவு நூல் வந்து இறங்கியது. ஆமைகள் அதை முதுகில் சுமந்து ஆற்றைக் கடந்தன. குருவிகள் அந்த நூலை வாங்கின. இலை விலை ஐந்து கொட்டைக்கு விழுந்தது.

முள்ளம்பன்றி யானையரசரிடம் முறையிட்டது. மறுநாள் கிளி வந்து ஆணையைப் படித்தது: "வடகரையிலிருந்து நம் துறையில் இறங்கும் எந்தச் சரக்கானாலும் மூன்றில் ஒரு பங்கு வரி!"

"கேட்டீங்களா!" என்று மைனா சிறகடித்தது. "இனி வடகரை நூல் விலை போகாது! குருவிங்க எல்லாம் நம்ம ஆள்கிட்டதான் வந்தாகணும்!"

"எந்தச் சரக்கானாலும்" என்பதை எல்லோரும் முழுதாகக் கேட்டார்கள். ஆனால் அத்தனை பேருக்கும் நூல் மட்டுமே நினைவுக்கு வந்தது. ஆசை வந்தால் அறிவு பாதியில் எழுந்து போய்விடும்.

அன்று மாலைக்குள் இலை பத்துக் கொட்டை ஆனது.

"என்ன யோசனை அக்கா? பந்திக்கு முந்திக்கணும்!" என்றது மைனா.

தும்பை நாற்பது கொட்டை கொடுத்து நான்கு இலை வாங்கியது. விலை பதினைந்துக்கு ஏறியது. "இருபது ஆகட்டும், வித்துடறேன்" என்று காத்திருந்தது. விலை எட்டுக்கு இறங்கியது. "பத்துக்கு வாங்கினது. பத்துக்காவது வரட்டும்" என்று இன்னும் காத்திருந்தது. விலை ஆறானது.

"பயப்படாதீங்க அக்கா! மலிவா இருக்கும்போது இன்னும் வாங்கிப் போட்டா நஷ்டம் குறையும்!" என்றது மைனா. அதனிடமும் முப்பது இலைகள் இருந்தன, பாவம். தான் சொன்னதைத் தானே நம்பியது.

மீதி அறுபது கொட்டைகளையும் தும்பை கொடுத்துவிட்டது. பொந்து காலியானது.

விலை ஏறவில்லை. ஒரு நாள் ஆற்றோரத்தில் ஓர் ஆமை சும்மா படுத்திருப்பதைத் தும்பை பார்த்தது.

"நூலுக்கு வரி போட்டதும் உனக்கு வேலை போச்சா?"

"நூல் என்னம்மா பெரிய நூல்! நான் நிறைய சுமந்தது பிசினைத்தான்" என்றது ஆமை. "இந்தக் கரையில பிசின் மரம் ஏது? உங்க முள்ளம்பன்றிக்கு எல்லாம் வடகரைப் பிசின்தான். வரியைச் சேர்த்தா கட்டுப்படி ஆகல போல. பதினஞ்சு நாளா அவர் கேட்டு அனுப்பவே இல்ல."

தும்பை ஓடியது. அன்றுதான் முதல் முறையாகப் பானைக்குப் பக்கத்தில் போனது. அடுப்பில் சாம்பல் ஆறிக் கிடந்தது. முட்களில் ஒட்டிய பழைய பிசினைச் சுரண்டியபடி முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது.

"அண்ணே! ஏன் சொல்லல?"

"சொல்லாதது என் தப்புதான். நூலை மட்டும் நெனச்சு அரசர்கிட்ட போனேன். எனக்கே அது வினையாச்சு" என்றது முள்ளம்பன்றி. தலையை நிமிர்த்தவில்லை. "ஆனா தும்பை, தினமும் நாவல் மரத்தடிக்குப் போனியே. ஒரு நாளாவது இங்க வந்து, பிசின் எங்கிருந்து வருதுன்னு கேட்டியா?"

தும்பை இலைகளை விற்க ஓடியது.

நாவல் மரத்தடியில் இலையை வாங்க ஆள் இல்லை. விலை கத்த மைனா கிளையில் ஏறவில்லை. இரண்டு நாளில் மழை பிடித்துக்கொண்டது.

மழையிலும் தும்பை இரை தேடி அலைந்தது. கிடைத்த ஒன்றிரண்டு விதைகளை மூன்று வாய்க்குப் பங்கிட்டது. ஒரு நாள் ஒன்றுமே கிடைக்காமல் வெறுங்கையோடு திரும்பியது.

"அம்மா, அந்த இலையைத் திங்கலாமா?" என்று கடைக்குட்டி கேட்டது.

தும்பை ஓர் இலையை எடுத்தது. அது காய்ந்து சருகாகியிருந்தது. அதை மென்று நனைத்துக் குட்டியின் வாயில் வைத்தது. குட்டி சப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கும்மா" என்று பொய் சொன்னது.

மழை ஓய்ந்தபோது தும்பையின் பின்னால் பொந்திலிருந்து இரண்டு குட்டிகள் மட்டுமே வெளியே வந்தன.

பொருள் உண்டாகும் இடத்தைப் போய்ப் பார்க்காமல், விலை கத்தும் இடத்தை நம்பி வயிற்றுக்கு வைத்ததைக் கொடுக்காதே.