நாலு பங்குக் கிணறும் கம்பெனி வேனும்

கதை முடிவதற்குள் யாரும் குறுக்கே பேசாதீர்கள். கடைசியில் நானே ஒரு கேள்வி கேட்பேன்; உங்கள் சாமர்த்தியத்தை அப்போது காட்டுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் ஓர் ஊர். அங்கே அய்யாத்துரை, வேல்ச்சாமி என்று அண்ணன் தம்பி இருவர். இவர்களுக்கும் சித்தப்பா மக்கள் இருவருக்கும் சேர்த்து ஒரே கிணறு, நாலு பங்கு. ஒவ்வொரு பங்காளிக்கும் நாலு நாளைக்கு ஒருமுறை தண்ணீர். மோட்டாருக்குக் கரண்டு வருவதே காலை ஆறிலிருந்து பதினொன்று வரைதான். முறை என்றால் முறை. ஒருவன் முறையில் இன்னொருவன் மோட்டாரைப் போட்டால் அன்றைக்கு வெட்டுக்குத்துதான். முறை இல்லாத நாட்களில் களை, உரம் என்று ஏதாவது பார்ப்பார்கள். அதுவும் இல்லாவிட்டால் வீட்டுக்கு எதிரே வேப்பமரத்தடியில் சீட்டு.

அய்யாத்துரையின் மனைவி சண்முகத்தாய். வேல்ச்சாமியின் மனைவி கனகலட்சுமி. ஓரகத்திகள் அடித்துக்கொள்வார்கள் என்று காத்திருந்த ஊரை இருவரும் நன்றாக ஏமாற்றினார்கள். ஒரே வகுப்பில் தையல் படித்தார்கள்; சண்முகத்தாயின் தையல்தான் சுத்தம் என்று டீச்சரே சொன்னதுண்டு. ஒரே மாதத்தில் பிள்ளையும் பெற்றார்கள். மூத்தவளுக்குக் கிஷோர், இளையவளுக்கு மதுமிதா.

பிள்ளைகளுக்கு ஒரு வயதானபோது டவுனில் ஒரு கார்மெண்ட்ஸ் கம்பெனி திறந்தார்கள். காலை ஏழரைக்கு வேன் ஊருக்குள் வரும், சாயங்காலம் ஆறரைக்குக் கொண்டுவந்து விடும். தைக்கத் தெரிந்தால் எத்தனை பேரானாலும் எடுத்தார்கள்; ஆனால் புதிதாகச் சேர முப்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும். ஓரகத்திகள் அடுப்படியில் உட்கார்ந்து பேசி முடித்தார்கள். கிணற்றுக்கு இருக்கிற மாதிரி இதற்கும் முறை. கிஷோர் சவலைப் பிள்ளை என்பதால் முதல் மூன்று வருஷம் கனகா வேலைக்குப் போவாள். சண்முகத்தாய் இரண்டு பிள்ளைகளையும் பார்ப்பாள். அடுத்த மூன்று வருஷம் மாற்றி. "செண்பகவல்லி அம்மன் மேல சத்தியம்க்கா," என்றாள் கனகா. "நீங்களாப் பேசிக்கிட்டா சரிதான்," என்று ஆண்கள் எழுந்து போனார்கள்.

கழுகுமலைத் திருவிழாவில் கிஷோர் பலூன் கேட்டான். சண்முகத்தாய் கையில் காசில்லை. கூட்டத்தில் அய்யாத்துரையைத் தேடிப் பிடிப்பதற்குள் பலூன்காரன் போய்விட்டான். கனகா தன் பர்சைத் திறந்து இரண்டு பிள்ளைகளுக்கும் ஐஸ் வாங்கிக் கொடுத்தாள். நல்ல மனசுதான் அவளுக்கு. ஆனாலும் பிள்ளை அந்த ஐஸைத் தின்று முடிக்கும்வரை சண்முகத்தாய் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது.

கனகா மட்டும் சொகுசாக இருந்தாளா? அதுவும் இல்லை. மதுமிதாவுக்குக் காய்ச்சல் கண்ட அன்று லீவு போட்டுவிட்டு மடியில் தூக்கி வைத்தாள். பிள்ளை அவள் கையைத் தள்ளிவிட்டு, "பெரியம்மா, பெரியம்மா" என்று அழுதது. கனகா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அது சண்முகத்தாய்க்கு மட்டும் கேட்டது.

மூன்று வருஷம் முடிந்தது. சண்முகத்தாய்க்கு முப்பத்தைந்து ஆக இன்னும் பத்தே நாள். போதாத நேரம் பாருங்கள், அதே வாரத்தில் கனகாவை சூப்பர்வைசர் ஆக்கினார்கள்.

"அக்கா, இப்ப நின்னேன்னா எல்லாம் போச்சு. இன்னும் மூணு வருஷம் விட்டுக்கொடுங்க."

"பத்து நாள் கழிஞ்சா என்னைக் கேட்டுக்குள்ளயே விட மாட்டான் கனகா. எனக்கு ஏது இன்னும் மூணு வருஷம்?"

சண்டை வேப்பமரம் வரை போயிற்று. வேல்ச்சாமி சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னான். "இதுக்குப் போயா? சம்பளத்துல பாதிய மாசாமாசம் மதினி கையில கொடுத்திரு. தீந்துச்சு." கனகா உடனே சம்மதித்தாள். அய்யாத்துரைக்கும் அது நியாயமாகப் பட்டது.

சண்முகத்தாய்க்குக் கண் சிவந்துவிட்டது. "நான் கூலியா கேட்டேன்? என் முறையக் கேக்கேன்."

திங்கட்கிழமை காலை ஏழரை. அன்றைக்குக் கிணற்றில் சித்தப்பா மகனின் முறை. அதனால் அண்ணனும் தம்பியும் அப்போதே மரத்தடியில் இருந்தார்கள். வேன் வந்து ஹாரன் அடித்தது. இரண்டு பெண்களும் குளித்து, தலைபின்னி, சாப்பாட்டுப் பையோடு வேன் கதவடியில் நின்றார்கள். வாசலில் இரண்டு பிள்ளைகளும் விழித்துக்கொண்டு நின்றன. "யாராவது ஒருத்தர் ஏறுங்கம்மா, நேரமாகுது," என்றான் டிரைவர்.

ஒருத்தி சத்தியத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். ஒருத்தி உழைத்துச் சம்பாதித்த இடத்தை விடமுடியாமல் நிற்கிறாள். இப்போது சொல்லுங்கள்: இதில் யார் பக்கம் சரி? வேனில் ஏற வேண்டியது யார்?

விடை: இருவரும். கிணற்றுக்கு நாலு பங்கு என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்; தண்ணீர்ச் சமாச்சாரம்தானே என்று விட்டுவிட்டீர்கள். பிள்ளைகளுக்கும் பங்காளிகள் நாலு பேர்: அம்மா இருவர், அப்பா இருவர். முறையை மட்டும் இரண்டாகப் பிரித்து, அதை இரண்டு பெண்கள் தலையில் கட்டியிருந்தார்கள். மூன்று வருஷமாக அதைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை, அந்தப் பெண்கள் உட்பட. அன்று காலையில்தான் சண்முகத்தாய்க்கு அது உறைத்தது. பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப்போய், "இன்னைலருந்து உங்க முறை. பால்வாடி மத்தியானம் விடும்," என்று சொல்லிவிட்டு வந்தாள். கனகாவை முன்னால் ஏற்றிவிட்டுத் தானும் ஏறினாள். அய்யாத்துரை கையில் அப்போது ஜெயிக்கிற சீட்டு இருந்ததாம். கிஷோரைத் தூக்குவதற்காக அதைக் கீழே போட்டான்.