யாருன்னு ஒரு நாய்

ஒரு ஊர்ல செவந்தி, செவந்தின்னு ஒருத்தி இருந்தாளாம். அவளுக்குன்னு இருந்தது ஒரு பட்டி ஆடும், அதுக்குக் காவலா ஒரு நாயும்தான். வாசல்ல சத்தம் கேட்டு "யாரு?"ன்னு இவ கேட்டா, குட்டியா இருந்தப்பவே அது வாலாட்டிக்கிட்டு ஓடியாருமாம். சரி, இதுதான் உன் பேருன்னு விட்டுட்டா. சிரிக்காதீங்க, பேரே யாருதான்.

ஒரு நாள் காலையில பார்த்தா யாரு எந்திரிக்கல. வாயில நுரை, காலு வெடவெடன்னு உதறுது. செவந்தி ஓடிப்போயி வைத்தியரைக் கூட்டியாந்தா. அவரு கண்ணைப் பார்த்தாரு, நாக்கைப் பார்த்தாரு, வயித்தைத் தொட்டுப் பார்த்தாரு.

"எவனோ விஷம் வச்சிருக்கான் செவந்தி. என்ன விஷம்னு தெரியாம மருந்து குடுத்தா, மருந்தே கொன்னுரும். பொழுது சாயிறதுக்குள்ள தெரிஞ்சா வீட்டுக்கு வா"ன்னு சொல்லிட்டுப் போயிட்டாரு.

செவந்தி நாய் பக்கத்துலயே உக்காந்துட்டா. ஆட்டை மறந்தா, அடுப்பை மறந்தா, தன் வயித்தையும் மறந்தா. நாய்த் தலையை மடியில வச்சுக்கிட்டு, துணியை நனைச்சு நனைச்சு வாயைத் துடைச்சுவிட்டா. உதறினா உயிர் போயிருமோன்னு பயம், உதறல் நின்னா போயிருச்சோன்னு பயம். "உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா"ன்னு பொலம்பிக்கிட்டே இருந்தா, பொழுதும் எறங்கிக்கிட்டே இருந்துச்சு.

விஷம் வச்சவன் சடையன்னு ஒரு அசலூர்க் களவாணி. நாய் செத்துச்சா, ஆட்டை ஓட்டலாமான்னு வேவு பாக்க, தண்ணி கேக்குற சாக்குல வாசலுக்கு வந்தான். உள்ள இருட்டு. குரல் மட்டும் கேக்குது.

"யாரு"ன்னா செவந்தி, மடியில கெடக்குற நாயைப் பார்த்து.

"வழிப்போக்கன் தாயி, குடிக்கத் தண்ணி..."ன்னான் சடையன்.

அவ காதுல அது எங்க விழுது? வெளையாட்டுக்குப் படுத்திருக்கக் கூடாதான்னு ஒரு ஏக்கத்துல, நாய்கிட்ட "யாரு, நடிக்காத"ன்னா.

"நடிக்கல தாயி, நெசமாத்தான் தாகம்."

"யாரு, சொல்லிரு. எதுல விஷம் வச்சது? என்ன விஷம்?"

இவளுக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சுன்னு நெனைச்சுட்டான் சடையன். "நான்தான் தாயி. கருவாட்டுல அரளிக்கொட்டைய அரைச்சு வச்சேன். விட்டுரு"ன்னு வாசல்லயே உக்காந்துட்டான்.

செவந்தி அப்பதான் நிமிர்ந்து பார்த்தா. ஒரு கையில நாயை அள்ளிக்கிட்டு, மறு கையில அவன் குடுமியைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு, வைத்தியர் வீட்டுக்கு ஓடினா. அவரு அரளிக்கு உண்டான மருந்தை ஊத்தினாரு. நாய் வாந்தி எடுத்துச்சு, கண்ணு தொறந்துச்சு, வால் நுனி மெல்ல ஆடுச்சு. அதுவரைக்கும் அழாதவ அப்பதான் ஓன்னு அழுதா.

ஊரு கூடிச் சொல்லிருச்சு, நாய் தேறுற வரைக்கும் பட்டிக்குச் சடையன்தான் காவல்னு. சத்தம் கேட்டு அவ "யாரு?"ன்னா, அவன்தான் எந்திரிச்சு ஓடியாரணும். நாய் என்ன பண்ணுச்சு தெரியுமா? நல்லாத் தேறியும், சடையனைக் கண்டா மட்டும் காலை நீட்டிப் படுத்துக்கிட்டு முனகுமாம். செவந்தியும் கண்டுக்கலையாம்.

வாயில்லாததுக்கு விஷம் வச்சவன் தன் வாயாலயே மாட்டினான். கதை பாய்ல சுருண்டாச்சு, நீங்களும் சுருளுங்க.