ஏட்டய்யாவின் ஏழு குழல்

2016 ஜனவரி ஒன்பதாம் தேதி, சனிக்கிழமை, காலை பத்து மணிக்கு அமலி டீச்சரின் மூன்றாவது சீடராக வந்து சேர்ந்தார் இன்னாசிமுத்து. போலீஸ் பேண்டில் முப்பது வருஷம் பேக்பைப் ஊதி, ஏட்டாக ஓய்வு பெற்றவர். அவருக்கு வயது அறுபத்து மூன்று. டீச்சருக்கு முப்பத்தொன்பது.

டீச்சரின் வீடு குன்னூர் மார்க்கெட்டுக்கு மேலே, படி ஏறிப் போகிற இடத்தில் இருந்தது. அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பன்னிரண்டு வருஷம் நர்ஸாக வேலை பார்த்தவர். அங்கே படுக்கையில் கிடந்த ஒருவரிடம் ஐரிஷ் பேக்பைப் கற்றுக்கொண்டு, வாசிக்கவும், குழலுக்குச் சத்தம் கொடுக்கும் சீவாளியைச் செதுக்கவும் தெரிந்தவராகத் திரும்பி வந்திருந்தார்.

படி ஏறி வந்த இன்னாசிமுத்துவுக்குப் பேச்சு வரக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"வலது நுரையீரல்ல பாதிதான் இருக்கு, டீச்சர். பலூன்கூட ஊதக் கூடாதுன்னுட்டார் டாக்டர். உங்க குழலை வாயால ஊத வேண்டாமாமே?"

"வேண்டாம். இடது அக்குள்ல பை. வலது முழங்கைக்குக் கீழே துருத்தி. துருத்தி காத்து கொடுக்கும். வாய் சும்மா இருக்கலாம்."

"அப்ப பேசிக்கிட்டே வாசிக்கலாம்."

"போலீஸ்காரர்னா வாசிக்கலாம்."

அன்றைக்கே டீச்சர் தன்னுடைய பயிற்சிக் கருவியை அவர் இடுப்பில் கட்டிவிட்டார். அதில் இருந்தவை பை, துருத்தி, துளை போட்ட ஒரே ஒரு பாட்டுக் குழல். இன்னாசிமுத்து முழங்கையை அழுத்தினார். குழல் பேசியது. கூடவே அவர் கன்னம் இரண்டும் உப்பின. முகம் கறுத்து, இருமல் வந்து, குழலை மடியில் சாய்த்துவிட்டார்.

"ஊத வேண்டாம்னீங்களே டீச்சர்?"

"ஊதினது நீங்கதான், ஏட்டய்யா."

"நானா? வாயில ஒண்ணுமே இல்லையே!"

டீச்சர் உள்ளே போய், தொட்டால் உதிரும் வர்க்கி பிஸ்கட் ஒன்றை எடுத்து வந்து அவருடைய உதடுகளுக்கு நடுவே செருகினார்.

"கடிக்கக் கூடாது. கீழே விழவும் கூடாது. வாசிங்க."

முதல் வரி முடிவதற்குள் வர்க்கி தூளாகி மீசையிலும் சட்டையிலும் கொட்டியது. மற்ற இரண்டு சீடர்களில் ஒருவர் பேக்கரிக்காரர், இன்னொருவர் கணக்கு வாத்தியார். இருவரும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். தோள் மட்டும் குலுங்கியது.

"முப்பது வருஷப் பழக்கம்," என்றார் இன்னாசிமுத்து. "போக எத்தனை வர்க்கி ஆகும் டீச்சர்?"

"கவலைப்படாதீங்க ஏட்டய்யா," என்றார் பேக்கரிக்காரர். "சில்லறை விலை போட மாட்டேன்."

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை வர்க்கி முழுசாக நின்றது. அதை அவரையே தின்னச் சொன்னார் டீச்சர். தின்று முடித்துவிட்டுத்தான் இன்னாசிமுத்து தாம் கேட்க வந்ததைக் கேட்டார்.

"சொந்தமா ஒண்ணு வாங்கணும், டீச்சர். இத்தனை வருஷம் ஊதினது சர்க்கார் குழல். ஓய்வு பெற்ற அன்னைக்குத் துடைச்சுத் திருப்பிக் கொடுத்துட்டேன். எனக்குன்னு ஒண்ணு இருந்ததே இல்லை. கையில அறுபதாயிரம் இருக்கு. எதை வாங்கலாம்?"

"இதுக்கு மூணுதான் கிடைக்கும். பை, துருத்தி, பாட்டுக் குழல். அயர்லாந்துல ஒருத்தர் நல்லாச் செய்வார். மூணு மாசம் ஆகும்."

"சுருதிக் குழல்?"

"பிறகு பார்க்கலாம்."

இன்னாசிமுத்து செல்போனை எடுத்து நீட்டினார். படத்தில் பெட்டி ஒன்று திறந்திருந்தது. சிவப்பு வெல்வெட் மேல் கருமரக் குழல்கள், பித்தளை வளையங்கள்.

"இதுல ஏழு குழல். பாட்டுக்கு ஒண்ணு, சுருதிக்கு மூணு, சாவி வச்சது மூணு. பெட்டியோட. அதே விலை. பத்து நாள்ல வீட்டுக்கே வரும்."

"வரும்."

"அப்புறம் என்ன டீச்சர்?"

"எங்கே வாசிக்கப் போறீங்க?"

"சுடுகாட்டுல," என்றார் இன்னாசிமுத்து.

பேண்டில் அவருக்குப் பக்கத்தில் நின்று ஊதியவர் கோதண்டம். வருஷங்களுக்கு முன் பேண்டிலிருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இறந்தபோது குழல் இல்லாமலே எடுத்துப் போனார்கள். பணியில் இல்லாதவருக்குச் சர்க்கார் குழல் வராது என்று சொல்லிவிட்டார்கள். அன்று சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது இருவரும் பேசி வைத்துக்கொண்டார்கள். நீ முந்தினால் நான் வாசிக்கிறேன், நான் முந்தினால் நீ. பிணம் தூக்கும்போது பேண்ட் வாசிக்கும் அந்த மெதுநடைப் பாட்டு. போன டிசம்பரில் கோதண்டத்துக்குப் பக்கவாதம் வந்தது.

டீச்சர் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார். "இது உட்கார்ந்து வாசிக்கிற குழல், ஏட்டய்யா. அறைக்குள்ள வாசிக்கிறது. வெட்டவெளியில காத்து கொண்டுபோயிடும்."

"நாற்காலி போட்டுக்கிறேன். பழைய பேண்ட் ஆளுங்க அத்தனை பேரும் வருவாங்க. அவங்க முன்னாடி மொட்டையா ஒத்தைக் குழலோட உட்கார முடியுமா? அடியில சுருதி நிக்காத பேக்பைப் என்ன பேக்பைப்? ஒத்து இல்லாத நாயனம் மாதிரி."

"அவர் இப்ப எப்படி இருக்கார்?"

இன்னாசிமுத்து செல்போனை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"டிசம்பர்ல ஒரு தடவை போனேன். பேச்சு போச்சு. ம்ம்ம்னு ஒரு சத்தம்தான். காலையில ஆரம்பிச்சா ராத்திரி தூங்குற வரைக்கும். அதுவும் ஒரே சுருதி, டீச்சர். ஏறவும் மாட்டேங்குது, இறங்கவும் மாட்டேங்குது. மருமக காதுல பஞ்சு வச்சுக்கிட்டுச் சமைக்குது. எனக்கு உட்கார முடியல."

"அதுக்கப்புறம் போகலையா?"

"வெறும் கையோட போய் என்ன செய்ய? குழலோட போகலாம்னு இருக்கேன்."

கோதண்டம் இருந்தது மேட்டுப்பாளையத்தில், மகன் தயாளன் வீட்டில். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இரண்டாவது தெரு. கோயம்புத்தூரிலிருந்து இன்னாசிமுத்து சனிக்கிழமைதோறும் ஏறி வரும் பஸ் அங்கே நின்றுதான் மலை ஏறும். டிரைவர் டீ குடிக்கப் போவார். இன்னாசிமுத்துவும் இறங்கி ஒரு டீ குடித்துவிட்டு, அந்தத் தெருப் பக்கம் பார்க்காமல் மறுபடி ஏறிக்கொள்வார்.

ஏழு குழல் வாங்கினார்.

மார்ச் மாதம் பெட்டியைத் தோளில் சுமந்தபடி படி ஏறி வந்தார். டீச்சர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "வாசிங்க," என்றார்.

மூன்று சுருதிக் குழலும் மூன்று பக்கம் இழுத்தன. ஒன்றை வழிக்குக் கொண்டுவந்தால் இன்னொன்று கீச்சிட்டது. மூன்றாவது காற்றை மட்டும் குடித்தது. பாட்டுக் குழலில் மேல் சுரங்கள் இரண்டு வரவே இல்லை.

"கல்யாண வீட்டுல சம்பந்திங்க சண்டை போடுற மாதிரி இருக்கு," என்றார் கணக்கு வாத்தியார்.

"சரி பண்ணிடலாம்ல டீச்சர்?"

"எதை முதல்ல?"

"சுருதியை."

டீச்சர் சீவாளி செதுக்கும் கத்தியை அவரிடமே கொடுத்தார். அந்த மாதம் முழுவதும், ஏப்ரல் முழுவதும், இன்னாசிமுத்து சீவினார், நூல் சுற்றினார், மெழுகு தடவினார். வீட்டிலும் அதே வேலை. ஒரு சனிக்கிழமை மூன்றும் சேர்ந்து நின்றன. அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, மேகம் இறங்கி அறை ஈரமானது. மூன்றும் பிரிந்துவிட்டன.

மே மாதம் தயாளன் போன் செய்தான். "மாமா, அப்பாவுக்குச் சாப்பாடு இறங்க மாட்டேங்குது. கைவிரலை மட்டும் போர்வை மேல இப்படி இப்படி வச்சு எடுக்குறார். துளையை மூடுற மாதிரி இருக்கு. நீங்க ஒரு தடவை வந்து பார்த்தா நல்லது."

"வரேன்பா. குழல் இன்னும் சரியாகல. சரியானதும் வரேன்."

மே இருபத்தெட்டாம் தேதி, சனிக்கிழமை, மழையில் நனைந்து வந்தார். பெட்டி நனையாமல் இருக்கத் தம்முடைய மழைக்கோட்டை அதன்மேல் போர்த்தியிருந்தார். தயாளன் போனில் சொன்னதை டீச்சரிடம் அப்படியே சொன்னார்.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"சரியானதும் வரேன்னேன்."

டீச்சர் அவர் மடியிலிருந்து கருவியை வாங்கினார். சுருதிக் குழல் மூன்றும் சாவிக் குழல் மூன்றும் ஒரே கட்டையில் சொருகியிருந்தன. கட்டையைப் பிடித்துத் திருகி, பையிலிருந்து மொத்தமாகப் பிடுங்கி மேஜைமேல் போட்டார். பித்தளை வளையம் ஒன்று உருண்டு கீழே விழுந்தது. யாரும் எடுக்கவில்லை. பையில் விழுந்த ஓட்டையில் ஒரு தக்கையை அடித்து இறுக்கினார். பாட்டுக் குழலின் சீவாளியை எறிந்துவிட்டு, தாம் செதுக்கிய ஒன்றைப் பொருத்தினார். இரண்டு துளைகளின் ஓரத்தில் மெழுகு வைத்தார். வாசித்துப் பார்த்தார். மேல் சுரங்கள் இரண்டும் வந்தன.

"இப்ப இது நான் வாங்கச் சொன்னது," என்றார்.

"பணம் போச்சு," என்றார் இன்னாசிமுத்து.

"போச்சு. மார்ச், ஏப்ரல், மேயும் போச்சு. உங்க மெதுநடைப் பாட்டுக்கு எத்தனை சுரம் வேணும்?"

"அஞ்சு."

"அஞ்சும் இதுல இருக்கு. இப்பவே கீழே போங்க."

"இப்பவா? இன்னும் அவன் சாகலையே டீச்சர்."

"அதனாலதான்."

இன்னாசிமுத்து மேஜைமேல் கிடந்த ஆறு குழலையும் பார்த்தார். தக்கை அடித்த பையைப் பார்த்தார். கன்னம் தானாக உப்பியது. அதை உணர்ந்து மூச்சை விட்டார்.

"இந்த மொட்டைக் குழலோடயா? அடியில சுருதி இல்லாமலா?"

டீச்சர் மழைக்கோட்டை உதறி அவர் தோளில் போட்டார்.

"அங்க ஒருத்தர் அஞ்சு மாசமா சுருதி பிடிச்சுக்கிட்டுப் படுத்திருக்கார், ஏட்டய்யா. பாட்டுதான் இன்னும் போய்ச் சேரல."

இன்னாசிமுத்து எழுந்தார். பையையும் துருத்தியையும் குழலையும் மட்டும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டார். பெட்டியை எடுத்துக்கொள்ளவில்லை. கீழே போகும் பஸ்ஸில் இடம் கிடைத்தது. மேட்டுப்பாளையத்தில் டிரைவர் டீ குடிக்கப் போனபோது இறங்கியவர், திரும்பி ஏறவில்லை.

கோதண்டம் ஜூன் பத்தொன்பதாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை இறந்தார். பழைய பேண்ட் ஆட்கள் பதினோரு பேர் வந்திருந்தார்கள். சுடுகாட்டில் குழல் வாசிக்கவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம், வாசித்தாகிவிட்டது என்று சொன்னார் இன்னாசிமுத்து.