செங்கண்ணியும் தவளைக் கச்சேரியும்

குழந்தைகளே, ஒரு காட்டில், குளத்தை ஒட்டிய புல்வெளியில் செங்கண்ணி என்ற ஆட்காட்டிப் பறவை இருந்தது. சிறுத்தை தலையைக் காட்டினால் போதும், "கிரீச்! கிரீச்!" என்று கத்தி மான்களை எச்சரித்துவிடும். இதற்காக அதற்கு யாரும் ஒரு புழு கூடக் கொடுத்ததில்லை.

மழைக்காலம் வந்தது. குளத்துத் தவளைகள் கச்சேரியைத் தொடங்கின. அவற்றின் தலைவன் கர்ணகடூரன். தொண்டை பெரிது, சரக்கு ஒன்றும் கிடையாது.

ஒருநாள் மாலை சிறுத்தை பாய்ந்தது. நெடுங்கொம்பன் என்ற தலைமை மான் மயிரிழையில் தப்பியது. அதன் வாலில் பாதி போய்விட்டது.

"ஏன் கத்தவில்லை?" என்று அது செங்கண்ணியிடம் எரிந்து விழுந்தது.

"கத்தினேனே! தவளைச் சத்தத்தில் உங்களுக்குக் கேட்கவில்லை."

"அப்படியானால் இன்னும் சத்தமாகக் கத்து! இதுகூடவா நான் சொல்ல வேண்டும்?"

செங்கண்ணி மறுநாள் இரண்டு மடங்கு கத்தியது. கர்ணகடூரனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"நம்மோடு போட்டிக்கு ஒரு பறவையா? பக்கத்துக் குளத்திலிருந்தும் ஆள் கூப்பிடுங்கள்!"

தவளைகள் நான்கு மடங்கு கத்தின. மூன்றே நாளில் செங்கண்ணியின் தொண்டை கட்டிக்கொண்டது. காற்றுதான் வந்தது, குரல் கொஞ்சம்தான் வந்தது.

நான்காம் நாள் புல்லுக்குள் ஒரு புள்ளித்தோல் ஊர்ந்தது. மான்களோ குனிந்து மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றின் நடுவே பிறந்து இரண்டே நாளான குட்டி ஒன்று தள்ளாடிக்கொண்டிருந்தது. செங்கண்ணி சிறுத்தையைக் கண்டுவிட்டது. இந்தக் கட்டிய குரலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

சட்டென்று பறந்து போய்க் கர்ணகடூரன் பக்கத்தில் இறங்கியது.

"தலைவரே, பிரமாதம்! நாணலுக்குள் நிற்கும் நாரை உங்கள் பாட்டில் சொக்கிப்போய்விட்டது."

"அப்படியா? என்ன சொன்னது?"

"யார் உரக்கப் பாடுகிறாரோ, அவரைத்தான் முதலில் விழுங்குமாம்."

கர்ணகடூரன் திறந்த வாயை மூடியது. தொபுக், தொபுக் என்று தவளைகள் எல்லாம் தண்ணீருக்குள் பாய்ந்தன. குளம் கப்சிப்.

அந்த அமைதியில், தேய்ந்துபோன குரலில் செங்கண்ணி ஒரே ஒருமுறை, "கிரீச்" என்றது.

மான்கள் அத்தனையும் காதை நிமிர்த்தின. அடுத்த நொடி குட்டியை முன்னால் விட்டு ஓட்டம் பிடித்தன. பாய்ந்த சிறுத்தையின் வாயில் ஒரு கைப்பிடிப் புல்தான் அகப்பட்டது.

மூச்சு வாங்கிக்கொண்டு நெடுங்கொம்பன் வந்தது.

"பார்த்தாயா? இன்றைக்குத்தான் நான் சொன்னபடி சத்தமாகக் கத்தினாய்!"

செங்கண்ணி மானின் முகத்தைப் பார்த்தது. பிறகு புழு தேடப் போய்விட்டது.

நீதி: இரைச்சலை அடக்கினால், மெல்லிய குரலும் தெளிவாகக் கேட்கும்.