சாவி வாங்கியவர் எழுதிய செலவு

ரொம்பக் காலத்துக்கு முன்னே செங்குன்ற நாட்டைச் சேதிராயன் என்று ஒரு ராஜா ஆண்டான். காலையில் மாலை போடுவான், சாயங்காலம் தலையை வாங்குவான். அப்படிப்பட்ட ஆள்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம் உண்டு. சாகக் கிடப்பவன் நம்பிக்கையான ஒருவரைக் கூப்பிட்டுப் பெட்டிச் சாவியைக் கையில் கொடுப்பான். வாங்கியவர் கடனை அடைத்து, வரவேண்டியதை வசூலித்து, மீதியைப் பெண்டாட்டி பிள்ளைகளிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குச் செலவும் கூலியும் அவருக்கு உண்டு. சொத்து போதாவிட்டால், பிள்ளைகள் அவர் வீட்டில் வேலை செய்து கழிக்க வேண்டும். எந்தப் பாவி போட்ட சட்டமோ!

உப்பு வியாபாரி மாசிலாமணி செத்தபோது, சாவி பண்டகசாலை அதிகாரி திருமலைக்கொழுந்திடம் போனது. மந்திரி சிற்றம்பலத்துக்கு ராஜா ஒரு சால்வை போர்த்தினால், மூன்று நாள் சோறு இறங்காது இந்த மனுஷனுக்கு. ஒரே வருஷத்தில் வீடு, வண்டி, மாடு எல்லாம் செலவுக்கென்று போயிற்று. அதுவும் போதாதாம். மாசிலாமணியின் இரண்டு பெண்களையும் வேலைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

தாய் உமையாள் சபையில் வந்து விழுந்தாள். "ராஜா, சொத்து வேண்டாம். என் பிள்ளைகளைக் கொடுக்கச் சொல்லுங்க. ஆறு மாசமாக் கண்ணிலேகூடக் காட்டலை."

கொழுந்து ஓலைக்கட்டை நீட்டினார். "எல்லாம் இதில் இருக்கிறது மகாராஜா. ஒரு காசு கூட்டி எழுதவில்லை."

கட்டின் கனத்தைப் பார்த்தே ராஜா மகிழ்ந்துபோனான். "பேஷ்! எவ்வளவு உழைப்பு! மந்திரி, என்ன சொல்கிறீர்?"

"குறையே இல்லை மகாராஜா. நாடு முழுக்க இதே விகிதத்தை வைத்துவிடலாம். முதலில் கொழுந்து ஐயாவின் சாவியை நானே வாங்கிக்கொள்கிறேன். அவருக்கும் இரண்டு பிள்ளைகள். அவர் காலத்துக்குப் பிறகு, இந்தக் கணக்குப்படியே நடத்திவைக்கிறேன்."

"ஆகட்டும், இப்போதே எழுதும்! சட்டம் சரியா என்று சீக்கிரமே பார்த்துவிடலாம்" என்ற ராஜா, வாசலில் நின்ற வாள்காரனை ஒரு பார்வை பார்த்தான்.

கொழுந்துக்கு வேர்த்துக் கொட்டியது.

மந்திரி முதல் ஓலையைப் படித்தார். "வசூலுக்குப் போகப் பல்லக்கு, தினம் நாலு பணம்."

"பல்லக்கா? நடந்து போனால் காலா தேய்ந்துவிடும்? அடியுங்கள் அதை!" என்று குறுக்கே பாய்ந்தார் கொழுந்து.

"வீட்டுக் காவலுக்குப் பத்துப் பேர்."

"ஒருத்தன் போதும்!"

"சாவி வைத்திருந்த கூலி, மாசம் நூறு பணம்."

"அநியாயம்! இடுப்பில் செருகிக்கொள்ளும் சாவிக்கு நூறா? என் பிள்ளைகள் நடுத்தெருவில் நிற்பார்களே! ஐந்து போதும்!"

சபை கொல்லென்று சிரித்தது. ராஜா தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தான். "கொழுந்தின் வாயாலேயே விகிதம் வந்துவிட்டது! உப்பு வியாபாரி கணக்கையும் இதன்படியே தீர்த்துவிடும். கூடுதலாக வாங்கியதெல்லாம் திரும்ப வரட்டும். பெண்களை உடனே கூட்டி வாருங்கள்!" தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரியின் கழுத்தில் போட்டான். உமையாள் அழுதுகொண்டே கும்பிட்டாள்.

மந்திரி மீதி ஓலைகளையும் புரட்டிக் குறைத்துக்கொண்டே வந்தார். கடைசி ஓலையில் அவர் வாய் நின்றுபோயிற்று.

"படியும்" என்றான் ராஜா.

மந்திரி உமையாளைத் திரும்பிப் பார்த்தார்.

"படியும் என்றேன்!"

"மூத்த பெண் நாச்சியாரைப் புதைத்த செலவு, இரண்டு பணம்."

யாரும் இவ்வளவு தூரம் படிக்கப் போவதில்லை என்ற தைரியம். அந்த இரண்டு பணத்தையும் விட மனசு வரவில்லை சண்டாளனுக்கு.

"காய்ச்சல் மகாராஜா! சொல்ல நேரம் வாய்க்கவில்லை! அதையும் அடித்துவிடுங்கள், அடித்துவிடுங்கள்!" என்று கொழுந்து கதறினார். ராஜா வாள்காரனைக் கூப்பிட்டான். கொழுந்தின் இடுப்புச் சாவியைப் பிடுங்கி உமையாள் முன்னால் போட்டு, "இனி இவன் சொத்து உன் பொறுப்பு" என்றான்.

அவள் அதை எடுக்கவில்லை. மெல்ல எழுந்து மந்திரியிடம் போனாள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, இரண்டு பணத்தை ஓலைமேல் வைத்தாள்.

"அதை மட்டும் அடிச்சிடாதீங்க சாமி. என் பிள்ளைக்கு ஆன செலவு. நானே கொடுத்துடறேன்."